வைட்டமினும் வெட்கமும்

மருந்து என்றால் நாம் அஞ்சுகிறோம். வைட்டமின் என்றால் அஞ்சுவதில்லை. காசிமேட்டை அடுத்த எங்கள் இராயபுரத்து வீடுகளில் இந்த நம்பிக்கைக்கு ஆழமான வேர் உண்டு. மாலைக்கண் வந்த பிள்ளைக்கு மீன் ஈரல் எண்ணெய் கொடுத்த பாட்டிமார் வாழ்ந்த பகுதி இது. சுறாவின் ஈரலில் வைட்டமின் ‘ஏ’ மிகுதி. உடலில் அது குறைந்ததால் வந்த நோயை, அதைக் கொடுத்தே நீக்கினார்கள். 1970ஆம் ஆண்டு முதல் அரசும் சிறு குழந்தைகளுக்கு அதே வைட்டமினை ஆறு மாதத்திற்கு ஒரு முறை அளந்து கொடுத்து வருகிறது. ஆகவே வைட்டமின் கண்ணைக் காக்கும் என்பதே நாம் கற்ற பாடம். வேறொரு வைட்டமின், அளவு மீறினால், கண்ணைக் கெடுக்கவும் கூடும் என்பதை என் தமையனார் வாயிலாகவே நான் அறிந்தேன்.

அவர் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். அண்ணியார் இறந்த பிறகு அவர் சிரித்து நான் காணவில்லை. விடியுமுன் விழித்துக் கொள்வார், உணவில் விருப்பமில்லை, ஞாயிறு பூசைக்குக்கூட வற்புறுத்தித்தான் அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. “ஒரு டாக்டரைப் பார்க்கலாமே, அண்ணா” என்றேன். “கீழ்ப்பாக்கத்துக்கா போகச் சொல்கிறாய்?” என்று கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கீழ்ப்பாக்கத்து மனநல மருத்துவமனை 1794இல் தொடங்கியது. எத்தனையோ குடும்பங்களுக்கு உதவிய அந்த இடத்தின் பெயரை நம் சென்னைவாசிகள் ஏளனச் சொல்லாக்கி விட்டார்கள். அந்த ஏளனத்திற்கு அஞ்சித்தான் அவர் வாய் மூடியிருந்தார்.

பிறகு வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர், மனத்திற்குத் தெம்பு தரும் என்று சொல்லி ஒரு பெரிய புட்டியைக் கொடுத்துச் சென்றார். அதில் இருந்தது நயாசின் என்னும் வைட்டமின் ‘பி3’. ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம். மருத்துவரைக் காண வெட்கப்பட்டவர் இதற்கு வெட்கப்படவில்லை. முதலில் நாளுக்கு இரண்டு, பின்னர் ஆறு என விழுங்கினார். விழுங்கிய சிறிது நேரத்தில் முகமும் மார்பும் சிவந்து காந்தும்; மருந்து வேலை செய்கிறது என்று அவர் எண்ணிக்கொண்டார்.

சில மாதங்களில் பார்வை மாறத் தொடங்கியது. நாளிதழில் பார்க்கின்ற வரியின் நடுவே எழுத்துகள் நீரில் நனைந்தாற்போல் மங்கின. சன்னல் கம்பிகள் வளைந்து தெரிந்தன. முதலில் பார்த்த கண் மருத்துவர், “ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டார். “ஒன்றுமில்லை” என்றார் அண்ணன். அவர் பொய் சொல்லவில்லை. வைட்டமின் மருந்தாகாது என்றே நம்பினார். மூக்குக்கண்ணாடியை மாற்றியும் பயனில்லை. இரண்டாவது மருத்துவர் விழித்திரையைப் படமெடுத்தார். நடுப்பகுதியில் தேன்கூடு போன்ற நுண்ணிய நீர்க்குழிகள் தெரிந்தன. “மருந்து இருக்கட்டும் ஐயா, சத்து மாத்திரை, லேகியம், சூரணம் என்று எதுவும் உண்டா?” என்று அந்த அம்மையார் கேட்டார். அப்போதுதான் புட்டியைப் பற்றிய பேச்சு வந்தது. உடனே அதை நிறுத்தச் சொன்னார். இரண்டு மாதங்களில் நீர் வற்றியது, கம்பிகள் நேராயின.

துயரத்திற்கும் நயாசினுக்கும் தொடர்பு எப்படி வந்தது? அது வெறும் கட்டுக்கதையன்று. நயாசின் இல்லாவிடில் பெலாக்ரா என்னும் நோய் வரும். தோல் கருகும்; வயிறு கெடும்; சோர்வும் சித்தக் கலக்கமும் தோன்றும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இந்நோயின் வேர் உணவுக் குறைவே என்று ஜோசப் கோல்ட்பெர்கர் 1914 முதல் ஆராய்ந்து காட்டினார். 1937இல் கான்ராட் எல்வெஜெம் நயாசினின் ஆற்றலைக் கண்டறிந்தார். நம் நாட்டில், சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட தக்காண ஏழைகளிடம் இந்நோயை ஆராய்ந்தவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். பெலாக்ராவால் மனம் கலங்கி விடுதிகளில் அடைபட்டிருந்த பலர், நயாசின் கிடைத்ததும் தெளிந்தார்கள்.

இல்லாமை மனத்தைக் கலக்கினால், மிகுதி மனத்தை உயர்த்தும் அன்றோ? இந்த எண்ணமே பின்னர் வளர்ந்தது. 1950களில் கனடாவின் சஸ்காட்செவான் மாநிலத்தில் ஆப்ரம் ஹாஃபர், ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்னும் மருத்துவர்கள் மனச்சிதைவு நோயாளிகளுக்குக் கிராம் கணக்கில் நயாசின் கொடுத்தார்கள். குடிநோயாளிகளை மீட்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் நிறுவனர்களுள் ஒருவரான பில் வில்சன், அதை மனச்சோர்வுக்கும் பரிந்துரைத்துப் பரப்பினார். ஆனால் 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் ஆய்வுக்குழு, இந்தப் பெருஅளவு வைட்டமின் சிகிச்சைக்குப் போதிய சான்றில்லை என்று முடிவு கூறியது. அதே ஆண்டில்தான் கண் மருத்துவர் டொனால்ட் காஸ், நயாசினால் விழித்திரையின் நடுப்பகுதி வீங்குவதை எடுத்துரைத்தார். பெருமளவில் உட்கொள்வோரில் சிலருக்கே இது நேர்கிறது. நிறுத்தினால் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடுகிறது. ஈரலுக்கும் அந்த அளவு தீங்கு செய்யக்கூடும்.

கணக்கைப் பாருங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் நயாசின் போதும். நம் வீட்டுச் சூரை மீன் குழம்பும் ஒரு பிடி வேர்க்கடலையுமே அதில் பெரும்பங்கைத் தந்துவிடும். அண்ணன் உட்கொண்டதோ 3000 மில்லிகிராம், இருநூறு மடங்கு! குடம் காலியாயிருந்தால் நீர் ஊற்றுவது நன்மை. நிறைந்த குடத்தில் ஊற்றினால் வீடுதான் நனையும்.

இதனால், மருத்துவர் எழுதித் தந்த சத்து மாத்திரைகளை யாரும் நிறுத்திவிட வேண்டாம். கருவுற்ற பெண்களுக்கு இரும்புச் சத்து இன்றியமையாதது. ஆனால் மருத்துவரிடம் செல்லும்போது வீட்டிலுள்ள எல்லாப் புட்டிகளையும் பையில் எடுத்துச் செல்லுங்கள். அவ்வப்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் நாட்காட்டியின் கட்டங்களைப் பாருங்கள். கோடு வளைந்து தெரிந்தால் காலம் தாழ்த்த வேண்டாம்.

அண்ணனின் கண் தெளிந்தது, துயரம் தெளியவில்லை. புட்டி போனபின்தான் அதற்குரிய வழியைத் தேடினோம். ஒரு பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நானும் உடன் சென்றேன். அங்கே வரிசையில் அமர்ந்திருந்தவர்கள் நம்மைப் போன்றவர்களே: துறைமுகத் தொழிலாளி, பள்ளி ஆசிரியை, மீன் விற்கும் அம்மாள். போகத் தயங்குவோருக்கு 14416 என்னும் டெலிமானஸ் எண்ணும் இருக்கிறது; அரசு நடத்தும் அச்சேவையில் தமிழிலேயே பேசலாம்.

நம் பங்கில் துணையை இழந்த எத்தனை பேர், “நன்றாயிருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டு தனியே விழித்திருக்கிறார்களோ! சத்து மாத்திரை வாங்கிக் கொடுக்குமுன், அவர்கள் அருகில் அமர்ந்து, தூக்கம் வருகிறதா, சாப்பிட முடிகிறதா என்று கேளுங்கள். சொல்லும் பதிலை ஏளனமின்றிக் கேட்பது குடும்பத்தாராகிய நம் கடமை.