வயிற்றை மூடும் நேரம்

குடலில் ஓட்டை விழுந்து வருபவரின் வயிற்றைத் திறந்ததும் சீழும் அழுக்கு நீரும்தான் முதலில் வரும். அதை உறிஞ்சி எடுத்து, ஓட்டையைத் தைத்து, லிட்டர் கணக்கில் சலைன் ஊற்றிக் கழுவி முடிப்பதற்குள் நின்றவர்கள் எல்லோருக்கும் இடுப்பு கடுக்கும். இனி மூடுவதுதானே என்று தியேட்டரே தளர்கிற நேரம் அது. பெரிய டாக்டர் கையைக் கழுவப் போவார். தையல் இளையவர் கைக்குப் போகும். வெளியே அடுத்த கேஸ் காத்திருக்கும். தியேட்டர் நர்ஸான நான் அதிகம் பயப்படுவது இந்த நேரத்துக்குத்தான்.

“சிஸ்டர், இதே நீடில் ஹோல்டர் போதும், நேரமாகுது.”

“கிளவுஸ் மாத்திட்டு வாங்க டாக்டர். ட்ரே ரெடியா இருக்கு.”

அந்தச் சின்ன ட்ரேயைத் தொடக்கத்திலேயே பிரிக்காமல் தனியாக வைத்துவிடுவேன். ஒரு நீடில் ஹோல்டர், பல் உள்ள ஃபோர்செப்ஸ், கத்தரி, சில ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ், அவ்வளவுதான். ஆட்டோகிளேவ் டேப்பில் கறுப்புக் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் துணியைப் பிரிப்பேன். குடலைத் தொட்ட கருவி எதுவும் அதன் பக்கம் வரக்கூடாது. பழைய கிளவுஸின் விரல் நுனிகளைப் பாருங்கள், வழவழவென்று ஒரு படலம் ஒட்டியிருக்கும். அந்த விரலோடு தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பைத் தொட்டால், உள்ளே கழுவி வெளியேற்றிய கிருமியை நாமே வெட்டுக் காயத்துக்குள் கொண்டுவந்து வைக்கிறோம்.

இது என் பிடிவாதம் மட்டுமல்ல. இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 13,000-க்கும் மேற்பட்ட வயிற்று அறுவை நோயாளிகளிடம் நடந்த ‘சீட்டா’ ஆய்வு 2022-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. மூடுவதற்கு முன் கிளவுஸையும் கருவிகளையும் மாற்றிய இடங்களில் 16 சதவீதம் பேருக்குப் புண் பழுத்தது. வழக்கப்படி மூடிய இடங்களில் 18.9 சதவீதம். நூறு பேரில் ஏறக்குறைய மூன்று பேர் தப்புகிறார்கள். கட்டு மாற்றும்போது பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பவரைப் பார்த்தவர்களுக்கு இந்த மூன்று சின்ன எண்ணாகத் தெரியாது.

கத்தி வைப்பதற்கு முந்தைய காரியங்களிலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ‘வார்டிலேயே ஆன்டிபயாடிக் ஊசி போட்டாச்சு’ என்பது போதாது; எத்தனை மணிக்கு என்று கேட்பேன். வெட்டும் நேரத்தில் மருந்து திசுக்களில் நிறைந்திருக்க வேண்டும். செஃபசோலின் என்றால் வெட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போயிருக்க வேண்டும், அறுவை நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் மறுபடியும் போட வேண்டும். முடியை பிளேடால் மழிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே சொல்லிவிட்டது. பிளேடு விடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி தங்கும். அவசியமென்றால் கிளிப்பர் போதும். நோயாளி குளிரில் நடுங்கக்கூடாது. உடம்பு சில்லிட்டால் தோலுக்கு ரத்த ஓட்டம் குறையும், புண்ணுக்குப் போகும் ஆக்சிஜனும் குறையும்.

இவ்வளவு செய்தும் சிலருக்குப் பழுக்கும், அதுவும் பெரும்பாலும் வீட்டுக்குப் போன பிறகு. முப்பது நாள் வரை கவனம் வேண்டும். வீட்டில் முதலில் நிறுத்துவது பருப்பைத்தான். ‘பருப்பு சாப்பிட்டா சீழ் வைக்கும்மா’ என்று பாட்டிகள் என்னிடமே சொல்வார்கள். அவர்கள் அக்கறையில் சொல்வது அது, ஆனால் புண் ஆறப் புரதம் வேண்டும். கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுத்தால் சதை எதை வைத்துச் சேரும்? அதனால் டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் கொடுக்கும்போதே, சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னதும் பருப்பு, முட்டை, மீன் எல்லாம் கொடுக்கச் சொல்கிறேன். தையலைச் சுற்றிச் சிவந்தாலோ, சூடாக இருந்தாலோ, துணி நனைந்தாலோ, குறைந்துவந்த வலி மறுபடி கூடினாலோ, ஓ.பி. தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிவரச் சொல்கிறேன்.