பதிப்பகத்துப் பேட்டிகளும் வில்லிபுத்தூர் வாத்துகளும்

பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் தங்கள் புத்தகங்களைப் பற்றி அனுப்பும் செய்தி மடல்களைச் சில வருஷங்களாகத் தவறாமல் படித்து வருகிறேன். புத்தகங்களை வாங்குவதில்லை. ஒரு புத்தகத்தின் விலை இங்கே ஒரு மில் தொழிலாளியின் பல நாள் கூலி. மடலுக்குக் காசில்லை. புதிய வெளியீடு, பெற்ற பரிசு, அட்டைப் படம், கீழே ஆசிரியருடன் ஒரு பேட்டி. பேட்டிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. இந்த விஷயத்துக்கு எப்படி வந்து சேர்ந்தீர்கள்? ஆராய்ச்சியில் உங்களை வியக்க வைத்தது எது? அடுத்து என்ன எழுதப் போகிறீர்கள்? ஆசிரியரும் மரியாதையாகப் பதில் சொல்கிறார். பாட்டி சொன்ன கதை, போன ஊர், பார்த்த உற்சவம். புத்தகத்தின் ஒரு வரிகூடப் பேச்சில் தட்டுப்படுவதில்லை.

ராஜபாளையத்தில் இருந்துகொண்டு இவற்றைப் படிப்பவனுக்குச் சொந்தமான ஓர் அக்கறை உண்டு. பத்துப் பதினோரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூர் இந்தப் பதிப்பகங்களுக்குப் பழக்கமான ஊர். வித்யா தெஹேஜியாவின் ஆண்டாளை நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1990-ல் வெளியிட்டது. திருப்பாவையின் 30 பாசுரங்களையும் நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களையும் சேர்த்து அர்ச்சனா வெங்கடேசன் ஆங்கிலத்தில் தந்த நூல் 2010-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்திலிருந்து வந்தது. அதே 2010-ல் பெங்குவின் வெளியீடாக ஸ்ரீநிவாஸ் ரெட்டியின் ஆங்கில ஆமுக்தமால்யத. பெரியாழ்வாரையும் ஆண்டாளையும் வைத்துக் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய காவியம் அது. அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் எங்கள் ஊர்க்காரர், மு. கு. ஜகந்நாதராஜா. சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்ற வேலை. பிராகிருதத்திலிருந்து காதா சப்தசதியைத் தமிழாக்கியவரும் அவரே. இந்த விஷயத்துக்கு எப்படி வந்தீர்கள் என்று அவரைப் போன்ற ஒருவரிடம் கேட்பது அபத்தம். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பஸ் ஏறினால் ஆண்டாள் கோயில்.

கேட்க வேறு கேள்விகள் உண்டு. தலைப்பிலேயே தொடங்கலாம். சூடிக்கொடுத்தவள் என்கிறது தமிழ். சூடினாள், பிறகு கொடுத்தாள். இரண்டு காரியமும் அவளுடையவை. ராயர் அதைச் சமஸ்கிருதத் தொகையாக்கினார்: அணிந்த மாலையைத் தருபவள். கொடுப்பது மட்டும் அவளிடம் மிஞ்சுகிறது. சூடியது மாலைக்கு அடைமொழியாகிவிட்டது. குற்றம் என்று ஒன்று இருந்தால் அது பெண்ணிடமிருந்து பூவுக்கு இடம் மாறிவிட்டது. ரெட்டியின் ஆங்கிலத் தலைப்பும் ராயர் வழிதான். அர்ச்சனா வெங்கடேசனின் தலைப்பில் சூடியதும் இல்லை, கொடுத்ததும் இல்லை. மாலை இரகசிய மாலையாகிவிட்டது. இதில் ஒரு வாசிப்பு இருக்கிறது. அதைக் கேட்டால் ஆசிரியர் புத்தகத்துக்குள் இறங்கியே தீரவேண்டும்.

(காவியத்தின் முகப்பிலேயே ஒரு பேட்டி இருக்கிறது. ஸ்ரீகாகுளத்து ஆந்திர விஷ்ணு ராயரின் கனவில் வந்து தெலுங்கில் எழுதச் சொல்கிறார். தெலுங்கு ஏன் என்று கேட்டால் என்று ஆரம்பித்துப் பதிலையும் தாமே சொல்லிவிடுகிறார். இதைவிடக் காரியத்தில் கண்ணான பதிப்பாசிரியரை நான் பார்த்ததில்லை.)

வில்லிபுத்தூர் வர்ணனையில் ஒரு செய்யுள். வயல் வாய்க்காலில் வாத்துகள் இறகுக்குள் தலையைச் செருகித் தூங்குகின்றன. விடியலில் குளித்துப் போன பிராமணர்கள் பிழிந்து வைத்து மறந்த வேட்டிகள் என்று நினைத்த காவல்காரர்கள், எடுத்துப்போய் வீட்டில் சேர்க்கலாம் என்று துறையில் இறங்குகிறார்கள். வாத்துகள் ஓட்டம் பிடிக்கின்றன. நெல் காக்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். வாத்து வீட்டுத் தெலுங்கில் வருகிறது. வேட்டியோ நீண்ட சமஸ்கிருதத் தொகைக்குள் சுருண்டு கிடக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வும் சேர்ந்துதான் ஹாஸ்யம். தமிழில் இதற்கு என்ன செய்வது? மணிப்பிரவாளத்துக்குப் போனால் இன்று வேறு வாடை அடிக்கும். எல்லாவற்றையும் சுத்தத் தமிழாக்கினால் வேட்டியும் வாத்தும் ஒரே ஜாதியாகிவிடும். இன்னொன்று: சிரிப்பு முதலில், சிரித்தவர்கள் கடைசிச் சொல்லில். இவ்வளவு நேரமும் அந்தப் பெண்கள் வயலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது செய்யுள் முடியும்போதுதான் நமக்குத் தெரிகிறது. எழுவாயைக் கடைசிக்குத் தள்ள தமிழ் சுலபமாக இடம் கொடுக்கும். ஆங்கிலம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

ஜகந்நாதராஜா இப்போது இல்லை. ஆங்கிலத்தில் செய்தவர்களையாவது யாராவது இதைக் கேட்கவேண்டும். இங்கே புத்தகம் கைக்கு எட்டாதவனுக்குப் பேட்டி ஒன்றுதான் வாசல். அதையும் விளம்பரத் தட்டி வைத்து அடைத்துவிடுகிறார்கள்.

வேறொரு பதிப்பகத்தின் மடலில், பக்தி இலக்கியம் பற்றி எழுதிய ஆசிரியரிடம் வாசகர்களும் கேள்வி அனுப்பலாம் என்று போட்டிருந்தார்கள். மொழிபெயர்ப்பில் எழுவாயை எங்கே வைத்தார் என்று கேட்டு, வாத்துகளையும் உதாரணம் காட்டி எழுதினேன். கிடைக்கப் பெற்றோம், நன்றி என்று இயந்திரம் பதில் போட்டது. அடுத்த மாதப் பேட்டியில் ஆசிரியர் தம் எழுத்து மேஜையைப் பற்றியும் காலையில் குடிக்கும் தேநீரைப் பற்றியும் விஸ்தாரமாகச் சொல்லியிருந்தார்.