மைசூருவின் வகுப்பறையும் வீட்டு மொழியும்

மைசூரு நகரின் மேற்கே, மானசகங்கோத்ரியிலும் அதை ஒட்டிய பகுதியிலுமாக நடுவண் அரசின் மூன்று நிறுவனங்கள் அக்கம்பக்கமாக அமைந்திருக்கின்றன. 1963-இல் தொடங்கப்பட்ட மண்டலக் கல்வி நிறுவனம் தென்மாநிலங்களுக்கு ஆசிரியர்களை உருவாக்குகிறது; 1965-இல் தோன்றிய அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் காது, நாக்கு, மொழி ஆகியவற்றின் குறைகளை ஆராய்ந்து மருத்துவம் செய்கிறது; 1969-இல் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இந்நாட்டின் மொழிகள் அனைத்தையும் தன் பொருளாகக் கொண்டது. இவற்றுக்கெல்லாம் முன்பாகவே, 1901-இல், எம். சீனிவாச ராவ் என்பவர் செவித்திறனோ பார்வைத்திறனோ இல்லாத சிறுவர்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கி, பாளையங்கோட்டையில் ஃபுளோரன்ஸ் ஸ்வெயின்சன் செய்துகொண்டிருந்ததற்கு ஈடான பணியை மைசூர் அரசின் தலைநகரில் தொடங்கி வைத்தார். இத்தகைய ஊரில் படிக்கத் திணறும் ஒரு குழந்தை இந்தியாவிலேயே நற்பேறு பெற்ற குழந்தையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. ஆயினும் குறையைக் கண்டறியும் அறிவு அந்நகரில் மிகுந்திருக்கும் அளவுக்கு, அவ்வறிவு சாதாரணப் பள்ளியின் வகுப்பறைக்குள் சென்று சேரவில்லை.

ஒப்பீட்டுக்கு வேறொரு நாட்டைப் பார்க்கலாம்: இம்மடல் எழுதப்படும் கார்டிஃப் நகரம் வேல்ஸ் நாட்டின் தலைநகரம். அந்நாட்டின் சட்டமன்றம் இயற்றிய 2018-ஆம் ஆண்டுச் சட்டம், ‘கூடுதல் கற்றல் தேவை’ என்ற கருத்தை மையமாகக் கொண்டது. ஒத்த வயதினருக்குப் பொதுவாகத் தரப்படும் கற்பித்தலுக்கு மேலாகவோ வேறாகவோ ஏதேனும் ஒன்று தேவைப்படும் குழந்தை எதுவாயினும், அதன் காரணம் காதுகேளாமையாயினும், ஆட்டிசமாயினும், எழுத்துகளைப் பிரித்தறிந்து வாசிப்பதில் நேரும் டிஸ்லெக்சியா என்னும் இடர்ப்பாடாயினும், அக்கருத்துக்குள் அடங்கும். இந்தியச் சட்டம் வேறொரு வழியில் நடந்து வந்திருக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களை மட்டுமே ஏற்றது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவ்வெண்ணிக்கையை 21 ஆக உயர்த்தி, டிஸ்லெக்சியா முதலியவற்றைக் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்ற பெயரில் சேர்த்துக்கொண்டது. எனினும் சலுகைகளில் பலவற்றுக்குக் குறைந்தது 40 விழுக்காடு குறைபாடு இருக்க வேண்டும் என்ற அளவுகோல் தொடர்கிறது. கால் ஊனத்தை விழுக்காட்டில் அளப்பதில் ஓரளவு பொருள் உண்டு. ஒரு சிறுமியின் வாசிப்புத் திணறலை அவ்வாறு அளப்பது, அளவிடும் அதிகாரிக்கு வசதியேயன்றி அச்சிறுமிக்குப் பயனன்று.

2018 ஜனவரியில் வெளியான வழிகாட்டு நெறிகளின்படி, மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில், எது முந்துகிறதோ அப்போது, பள்ளி ஆசிரியர் குழந்தைகளை முதற்கட்டமாகச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது; எட்டு வயது நிரம்பிய பின்னரே சான்றிதழ் வழங்கப்பட்டது; பெங்களூருவின் நிம்ஹான்ஸ் என்னும் மனநல, நரம்பியல் நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பைக் கொண்டு குறைபாடு உறுதிசெய்யப்பட்டது; 14 வயதிலும் 18 வயதிலும் அச்சான்றிதழ் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. சான்றிதழ் வந்த பின் கிடைப்பது பெரும்பாலும் தேர்வுச் சலுகையே: மணிக்கு 20 நிமிடம் வீதம் கூடுதல் நேரம், சொல்வதை எழுதித்தர ஓர் உதவியாளர், சில பாடத்திட்டங்களில் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு. இவை தேவையானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆண்டில் சில நாட்களே நிகழும் தேர்வுக்கு இத்தனை ஏற்பாடும், ஏறத்தாழ 200 நாட்கள் நடக்கும் வகுப்புக்கு ஏறக்குறைய ஏதுமின்மையும் என்ற இந்த விகிதம், இந்தியக் கல்வி எதைக் கல்வியென்று கருதுகிறது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

மைசூருவின் சிக்கல் இதைவிட ஆழமானது; அது மொழியில் உள்ளது. கன்னட மொழி கற்றல் சட்டம் 2015-இல் நிறைவேறிய பின் கர்நாடகத்தின் பள்ளிகளில் கன்னடம் முதல் அல்லது இரண்டாம் மொழியாகப் படிப்படியாகக் கட்டாயம் ஆனது. வீட்டில் தமிழோ உருதுவோ பேசும் குழந்தை கன்னட எழுத்தையும் ஆங்கில எழுத்தையும், சில ஆண்டுகளில் இந்திக்குரிய நாகரி எழுத்தையும் கற்க வேண்டியிருக்கிறது. அவற்றுள் ஒன்றுகூட அதன் வீட்டு மொழிக்குரியதன்று. இதில் தமிழ்க் குழந்தையின் நிலை தனிப்பட்டது. ‘கடல்’, ‘தங்கம்’, ‘அகம்’ ஆகிய சொற்களில் ககரம் மூன்று விதமாக ஒலித்தாலும், தமிழ்ப் பேச்சு அவற்றை ஒரே ஒலியின் இடம்சார்ந்த வேறுபாடுகளாகவே கொள்கிறது. கன்னடமோ அதே வரிசையில் நான்கு எழுத்துகளை நிறுத்தி, அவற்றுக்கிடையே பொருள் வேறுபடும் என்கிறது. எனவே அக்குழந்தை ‘க’வையும் அதன் அதிர்வொலி இணையையும் மாற்றி எழுதுவது எதிர்பார்க்கத்தக்கதே. சொல்வதெழுதல் ஏட்டில் சிவப்பு மையால் சுழிக்கப்பட்ட அப்பிழையைப் பார்க்கும் ஆசிரியருக்கு, அது டிஸ்லெக்சியாவின் அடையாளமா, புதிய மொழியில் எவரும் செய்யும் பிழையா என்று பிரித்தறிய வழியில்லை.

காலமும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துகளைப் பழகச் சில மாதங்கள் போதும். உயிர்மெய்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்படும் கூட்டெழுத்துகளுமாக நூற்றுக்கணக்கில் விரியும் கன்னட எழுத்து முறையைக் குழந்தைகள் வசப்படுத்துவது நான்காம் வகுப்பு வரை நீள்வதைப் பெங்களூருவிலிருந்து ஆராய்ந்த சொனாலி நாக் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார். ஆகவே ஆங்கிலம் பேசும் நாடுகளிலிருந்து வந்த கால அட்டவணையைக் கொண்டு இரண்டாம் வகுப்புக் கன்னட மாணவனை அளந்தால், குறையில்லாதவன் குறையுள்ளவனாகவும், மெய்யாகவே உதவி வேண்டியவன் கூட்டத்தோடு கூட்டமாகவும் தோன்றுவர். இப்பிழையின் இரு முனைகளும் கொடியவை: முதலாமவனுக்கு வேண்டாத முத்திரை; இரண்டாமவனுக்கு ‘சோம்பேறி’ என்ற பட்டம்.

வேல்ஸ் சட்டத்தின் 2-ஆம் பிரிவு, வீட்டில் வழங்கும் மொழி வேறு, பள்ளியில் கற்பிக்கும் மொழி வேறு என்ற ஒரே காரணத்தால் ஒரு குழந்தைக்குக் கற்றல் இடர்ப்பாடு உள்ளதாகக் கொள்ளக்கூடாது என்கிறது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொதுவான 1981-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இக்கருத்து உண்டு. வேல்ஸ் அதற்கும் மேலே சென்று, ஒரு குழந்தைக்குத் தரப்படும் உதவி வெல்ஷ் மொழியில் தரப்பட வேண்டுமா என்பதை ஒவ்வொரு திட்டத்திலும் முடிவுசெய்யக் கட்டளையிடுகிறது. பள்ளியில் வெல்ஷ் பேசிய சிறுவர்களின் கழுத்தில் தண்டனையாக மரத்துண்டைத் தொங்கவிட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டை மறவாத நாடு இது என்பதும் அதற்கு ஒரு காரணமாகலாம். இந்திய நெறிகளில் இத்தகைய தெளிவான வாக்கியம் ஒன்று இடம்பெறுவது செலவில்லாத சீர்திருத்தம். சோதனைக் கருவி செய்வதற்கோ செலவுண்டு. இந்திய மொழிகளில் டிஸ்லெக்சியாவைக் கண்டறிய மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் உருவாக்கி 2015-இல் வெளியிட்ட ‘டாலி’ என்னும் சோதனை முறை முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் வந்தது. தமிழும் உருதுவும் அந்த முதல் நான்கில் இல்லை.

வேல்ஸைச் சொர்க்கமாக எண்ணிவிடலாகாது. 2021 செப்டம்பரில் 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தின் புதிய முறை நடைமுறைக்கு வரத் தொடங்கிய பின், உதவி பெறுவோர் பட்டியலில் இருந்த மாணவர் எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. தேவை குறைந்ததால் அன்று, வரையறை இறுகியதால் குறைந்தது என்பதே பெற்றோர் பலரின் குற்றச்சாட்டு. ஆயினும் இங்கே இரண்டு ஏற்பாடுகள் உறுதியாக நிற்கின்றன. ஒவ்வொரு பள்ளியிலும் கூடுதல் கற்றல் தேவைக்கென ஓர் ஒருங்கிணைப்பாளர் இருந்தாக வேண்டும்; பள்ளியின் கவனத்துக்கு ஒரு குழந்தை வந்த நாளிலிருந்து 35 பள்ளி நாட்களுக்குள் முடிவெடுத்து, தேவையுண்டெனில் ‘தனிநபர் வளர்ச்சித் திட்டம்’ எனும் ஆவணத்தை எழுதித்தர வேண்டும். அதை ஏற்காத பெற்றோர் தீர்ப்பாயம் வரை செல்லலாம்.

மைசூருவில் அந்த ஒருங்கிணைப்பாளரின் இடத்தில் நிற்பவர் வட்டார அளவிலான உள்ளடக்கிய கல்வி வள ஆசிரியர். தமிழ்நாட்டின் வட்டார வள மையச் சிறப்பாசிரியரைப் போலவே அவரும் எந்த ஒரு பள்ளிக்கும் உரியவரல்லர். பள்ளிகளுக்கும், பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளின் வீடுகளுக்குமாகச் சுற்றி வருபவர். ஒரு குழந்தையின் ‘க’ பிழை எப்போது குறைகிறது என்பதை அறிய அக்குழந்தையை நாள்தோறும் காண வேண்டும். சுற்றி வருபவரால் அது இயலாது. உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் வழங்கிய தீர்ப்பில், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு ஆகியவை உள்ள ஐந்து மாணவருக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற விகிதத்தைச் சுட்டியது. பணியிடங்களை அறிவிக்குமாறு 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மீண்டும் ஆணையிட நேர்ந்ததே இடைப்பட்ட ஆண்டுகளின் கதையைச் சொல்லிவிடும்.

அந்த வெற்றிடத்தை இதுவரை நிரப்பி வந்தவர்கள் தாய்மார்கள். காதுகேளாத குழந்தைகளின் பெற்றோர் சங்கம் மைசூருவில் நடத்தும் பள்ளியில், தாய் தன் குழந்தையோடு நாள்தோறும் வந்தமர்ந்து, தானே ஆசிரியையாகப் பயிற்சி பெறுகிறார். அதன் பயனைக் குறைத்துச் சொல்ல இயலாது. ஆனால் வேலையையும் ஊரையும் விட்டு வந்து ஒரு பெண் செலுத்தும் உழைப்பைக் கொள்கையின் அடித்தளமாக்குவது முறையன்று. கூலி வேலைக்குச் செல்லும் தாய்க்கு அவ்வழி தொடக்கத்திலேயே அடைபட்டுவிடுகிறது.

தாய்மொழி எது, சிறப்புத் தேவை என்ன என்ற இரண்டு விவரங்களையும் ஒவ்வொரு பள்ளியும் ‘யுடைஸ்’ எனப்படும் கல்வித் தகவல் முறையில் ஏற்கெனவே பதிவுசெய்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மாவட்டத்தில் எந்தப் பள்ளிகளில் முதலில் தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். அங்கே தமிழிலும் உருதுவிலும் சோதனைக் கருவிகளைச் செய்ய மொழி நிறுவனமும், அவற்றைக் கொண்டு சோதிக்கப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனமும், ஆசிரியரைப் பழக்க மண்டலக் கல்வி நிறுவனமும் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. ஆனால் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் நலவாழ்வு அமைச்சகத்தின் கீழும், மற்ற இரண்டும் கல்வி அமைச்சகத்தின் கீழும், பள்ளிகளோ மாநில அரசின் கீழும் இருப்பதால் ஒன்றையொன்று கேட்டுப் பெறும் கடமை எவருக்கும் இல்லை. மாவட்டப் பொதுக்கல்வித் துணை இயக்குநர் அம்மூன்றையும் ஒரு மேசைக்கு அழைப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஓர் அலுவலகக் கடிதமும், அதற்கு விடை வரும் வரை விடாமல் கேட்கும் ஒரு பெற்றோர் குழுவும் போதும்.