ஒரு வீட்டோவின் விலை

டில்லியிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கு மாற்றலாகிப் போகும் இந்திய அதிகாரிக்கு முதல் சில மாதங்கள் குழப்பமாகவே இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அங்குள்ள நமது தூதர் பெல்ஜியம், லக்சம்பர்க், ஐரோப்பிய யூனியன் ஆகிய மூன்றுக்கும் தூதர். முதல் இரண்டும் நாடுகள். மூன்றாவது நாடல்ல. ஆனால் வேலை அதிகம் அதனோடுதான்.

வர்த்தகம் பேசப் போனால் எதிரே ஒரே தரப்புதான் உட்கார்ந்திருக்கும். துணிக்கும் தோலுக்கும் இறாலுக்கும் எவ்வளவு சுங்க வரி என்பதை எல்லா உறுப்பு நாடுகளின் சார்பிலும் ஐரோப்பிய கமிஷனே பேசும். கறாரான பேச்சு. நாமும் விட்டுக்கொடுப்பவர்கள் அல்ல. 2007-ல் தொடங்கிய தாராள வர்த்தக ஒப்பந்தப் பேச்சு 2013-ல் முடங்கி, 2022-ல்தான் மீண்டும் உயிர்பெற்றது.

போர், சமாதானம், பொருளாதாரத் தடை என்று பேச்சு திரும்பினால் எல்லாம் மாறிவிடும். அங்கே ஒவ்வொரு நாடும் சம்மதிக்க வேண்டும். ஒரு நாடு மறுத்தாலும் தீர்மானம் அப்படியே நின்றுவிடும். மால்டாவின் மக்கள்தொகை ஆறு லட்சம்கூட இல்லை. ஜெர்மனியில் எட்டுக் கோடிக்கும் அதிகம். இரண்டுக்கும் வீட்டோ ஒன்றுதான்.

இந்த இரட்டை வாழ்க்கைக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1950 மே 9-ம் தேதி பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன் ஒரு யோசனை சொன்னார். பிரான்ஸ், ஜெர்மனியின் நிலக்கரியையும் எஃகையும் ஒரு பொது அமைப்பின் கீழ் கொண்டுவரலாம் என்றார். ஆயுதம் செய்யத் தேவையான சரக்கு பொதுச் சொத்தானால் சண்டை எப்படி வரும்? ஆறு நாடுகள் ஒப்புக்கொண்டன. ஆனால் பெரும்பான்மை வாக்கெடுப்பு என்ற பேச்சு 1965-ல் வலுத்தபோது பிரெஞ்சு அதிபர் டிகால் முரண்டு பிடித்தார். ஏறக்குறைய ஏழு மாதங்கள் கவுன்சில் கூட்டங்களில் பிரான்சின் நாற்காலி காலியாகக் கிடந்தது. முக்கிய தேசிய நலன் என்றால் எல்லோரும் ஒப்பும்வரை பேசிக்கொண்டே இருப்பது என்று 1966 ஜனவரியில் லக்சம்பர்கில் சமரசம் ஆனது. வர்த்தகத்தில் அந்தப் பிடி பிறகு தளர்ந்தது. வெளியுறவில் தளரவில்லை.

அதன் விலையை யுகோஸ்லாவியா கொடுத்தது. 1991 ஜூனில் ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் பிரிந்தபோது, இது ஐரோப்பாவின் வேளை, அமெரிக்காவுடையது அல்ல என்று லக்சம்பர்க் வெளியுறவு அமைச்சர் ஜாக் பூஸ் பெருமையோடு அறிவித்தார். ஆனால் பன்னிரண்டு தலைநகரங்களுக்கும் பன்னிரண்டு கணக்குகள். அந்த டிசம்பரிலேயே ஜெர்மனி மற்றவர்களை முந்திக்கொண்டு இரு நாடுகளையும் அங்கீகரித்தது. மற்றவர்கள் 1992 ஜனவரியில் பின்தொடர்ந்தார்கள். ஏப்ரலில் போஸ்னியா பற்றி எரிந்தது. அங்கே சென்ற ஐ.நா. படையின் முதல் தளபதி நம்மவர், ஜெனரல் சதீஷ் நம்பியார். காக்க வேண்டிய சமாதானமே இல்லாத இடத்துக்கு அமைதிப் படை அனுப்பப்பட்டிருந்தது. 1995 ஜூலையில் ஸ்ரப்ரனிட்சாவில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். கடைசியில் ஒப்பந்தம் உருவானது ஐரோப்பாவில் அல்ல, அமெரிக்காவின் டேட்டன் விமானப்படைத் தளத்தில்.

அப்படியானால் வீட்டோவைத் தூக்கி எறிய வேண்டியதுதானே? வெளியே நின்று கேட்பது சுலபம். 1938-ல் மியூனிக்கில் நாலு பெரிய நாடுகள் செக்கோஸ்லோவாகியாவைத் துண்டு போட்டபோது, செக்காரர்களுக்கு அந்த அறையில் இடமில்லை. 1939-ல் ஹிட்லரும் ஸ்டாலினும் ரகசியமாகப் பங்கு பிரித்ததில் பால்டிக் நாடுகள் சுதந்திரத்தையே இழந்தன. பிரஸ்ஸல்ஸில் இந்தச் சிறிய நாடுகளின் பிரதிநிதிகளோடு பேசும்போதெல்லாம் ஒன்று எனக்குப் புரிந்தது. வீட்டோ அவர்களுக்கு அகம்பாவம் அல்ல, அறையில் தங்களுக்கும் ஒரு நாற்காலி உண்டு என்பதற்கான உத்தரவாதம்.

ஆகவே விதியை மாற்றாமல் வளைக்கிறார்கள். 2023 டிசம்பரில் உக்ரைனை உறுப்பினராக்கும் பேச்சைத் தொடங்குவதா என்ற கேள்வி வந்தது. எதிர்த்துவந்த ஹங்கேரி பிரதமர் விக்டர் ஓர்பன், முடிவெடுக்கும் நேரத்தில் அறையைவிட்டு வெளியே போனார். மிச்சமிருந்த 26 பேரும் கையைத் தூக்கினார்கள். அதே கூட்டத்தில் உக்ரைனுக்கான 5,000 கோடி யூரோ உதவியை அவர் தடுக்கவும் செய்தார். 2024 பிப்ரவரியில்தான் அது நிறைவேறியது. வீட்டோவை ஒழிக்கலாம் என்று பேசுபவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு: அதற்கும் எல்லோருடைய சம்மதமும் வேண்டும்!

நாம் சிரிக்க வேண்டாம். சார்க் அமைப்பிலும் முடிவுகள் ஏகமனதாகத்தான் எடுக்கப்பட வேண்டும் என்று அதன் சாசனம் சொல்கிறது. 2014-ல் காட்மாண்டுவில் மாநாடு நடந்தது. 2016-ல் இஸ்லாமாபாதில் நடக்க வேண்டியது ரத்தானது. அதன்பின் தலைவர்கள் மாநாட்டுக்காகக் கூடவே இல்லை. விதி ஒன்றாக இருந்தும் விளைவு ஏன் வேறு?

என் பதில் எளிமையானது. ஐரோப்பிய நாடுகளின் சரக்கு வர்த்தகத்தில் பாதிக்கு மேல் அவர்களுக்குள்ளேயே நடக்கிறது. தெற்காசியாவில் அது ஐந்து சதவீதம் அளவுதான். அங்கே கோபித்துக்கொண்டு எழுந்து போகிறவருக்கு இழப்பதற்கு நிறைய இருக்கிறது. அதனால் மறுநாள் காலை திரும்பி வந்துவிடுகிறார். டிகாலும்கூட ஏழு மாதங்களுக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. இங்கே எழுந்து போவதற்குச் செலவே இல்லை.

ஐரோப்பா முதலில் நிலக்கரியைப் பங்கு போட்டது. வெளியுறவுக் கொள்கையைப் பற்றிப் பிறகுதான் பேசியது. நாம் பிரகடனங்களில் தொடங்கினோம். மின்சாரமும் நதிநீரும் ரயில்பாதையும் எல்லை தாண்டி ஓடட்டும். அதற்குப் பிறகு நமது வீட்டோக்களும் தாங்கக்கூடியவையாகிவிடும்.