கிடைத்த இடம் எழுதாத காசு

காசு பிரிக்கும் மேசையில் பெரிய கருவி எதுவும் கிடையாது. வெள்ளைத் துணி விரித்த தட்டு, சிறு தராசு, விட்டம் அளக்கும் வேர்னியர், பூதக்கண்ணாடி, மெல்லிய தூரிகை, ஒரு கட்டுக் காகித உறை, அவ்வளவுதான். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கந்தரோடையிலோ வல்லிபுரத்திலோ மண்ணிலிருந்து வெளிப்படும் செப்புக்காசு பெரும்பாலும் கறுத்துத் தேய்ந்து, ஓரத்தில் பச்சைக் களிம்பு ஏறித்தான் இந்த மேசைக்கு வருகிறது. பிரிப்பவர் அதை விளிம்பில் பிடித்துத் தூக்குகிறார். வியர்வை செம்பை அரிக்கும் என்பதால் முகத்தில் விரல் படுவதில்லை. எந்த அரசன், எந்தக் காலம் என்று பார்க்கத்தான் நம் கண் முதலில் துடிக்கிறது. அதற்கும் முன்னால், அந்தக் காசு எங்கே, எவற்றோடு கிடைத்தது என்பதை உறையின் மேல் எழுதியாக வேண்டும் என்பதே என் வாதம். யாழ்ப்பாணத்துக் காசுகளுக்கு அந்த ஒரு வரி, காசின் சந்தை விலையை விடப் பெறுமதியானது.

சேது நாணயங்களே இதற்குச் சான்று. ஒரு பக்கத்தில் நிற்கும் மனித உருவம். மறுபக்கத்தில் படுத்திருக்கும் இடபம், அதன் கீழே ‘சேது’ என்ற தமிழ்ச் சொல். இராமநாதபுரத்துச் சேதுபதிகளும் இதே சொல்லைத் தங்கள் காசுகளில் பொறித்தார்கள். ஆகவே சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு உரிமையாளரைத் தீர்மானிக்க முடியாது. இடப வகைக் காசுகளை யாழ்ப்பாண அரசர்களான ஆரியச்சக்கரவர்த்திகளுடையவை என்று கொள்வதற்கு, அவர்களைப் பாடும் கேகாலை மாவட்டத்துக் கொட்டகமக் கல்வெட்டு ‘சேது’ என்று தொடங்குவது ஒரு காரணம். அவை யாழ்ப்பாணக் குடாநாட்டில் மிகுதியாகக் கிடைப்பது இன்னொரு காரணம். அந்தக் காசுகளெல்லாம் ஊர்பேர் இல்லாமல் ஒரே பையில் கொட்டப்பட்டிருந்தால் இந்த இரண்டாவது காரணம் இருந்திருக்காது. 1619 இல் போர்த்துக்கீசரிடம் வீழ்ந்த அந்த அரசைப் பற்றி நாம் நம்பியிருக்கும் ‘யாழ்ப்பாண வைபவமாலை’ என்ற வரலாற்று நூல், அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து ஒல்லாந்தர் காலத்தில் எழுதப்பட்டது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஓலைச்சுவடிகளும் சேர்ந்தே எரிந்தன. எழுத்துச் சான்று இவ்வளவு மெலிந்துபோன நாட்டில், அரசர் காலத்திலேயே கைமாறிய செப்புக்காசு நேரடிச் சாட்சி. எங்கே நின்று பார்த்தது என்று சொல்லத் தெரியாத சாட்சியை எந்த மன்றும் ஏற்காது.

மண்ணுக்குள் கிடந்த காசுக்கு அது சரி, எந்திரத்தில் அடித்த வெள்ளைக்காரன் காசுக்கு எதற்கு இந்தப் பாடு என்று கேட்கலாம். அரைப் பார்திங் காசை எடுத்துக்கொள்வோம். பென்னியில் எட்டில் ஒரு பங்கான அது, 1828 இல் இலங்கையின் பாவனைக்கென்றே பிரித்தானியாவில் அடிக்கப்பட்டது. 1842 இல்தான் அங்கேயும் செல்லுபடியானது. 1839 இல் அதிலும் பாதியான கால் பார்திங் வந்தது. அடித்த ஆண்டு காசிலேயே இருக்கிறது. எந்தச் சந்தையில், எந்தக் காசோடு கலந்து புழங்கியது என்பது அதில் இல்லை. ஒரே பானையில் ஒல்லாந்தக் கம்பனியின் துட்டும், பார்திங்கும், 1872 இல் ரூபா-சதக் கணக்கு நடைமுறைக்கு வந்த காலத்துச் செப்புச் சதமும் சேர்ந்து கிடைத்தால், அந்தச் சேர்க்கையே ஒரு ஆவணம். ஒல்லாந்தர் போன பிறகும் அவர்கள் காசைச் சனங்கள் கைவிடவில்லை என்று அது சொல்லும். அரசன் வாரியாகப் பிரித்து மூன்று ஆல்பங்களில் அடுக்கினால் அந்தச் செய்தி போய்விடும். வகைப்படுத்த வேண்டாம் என்பதல்ல. பானைக்கு ஒரு இலக்கம் கொடுத்து, ஒவ்வொரு உறையிலும் அதை எழுதிய பிறகு வகைப்படுத்துவோம்.

அழுக்கோடு வைத்தால் எப்படி வாசிப்பது என்பது அடுத்த கேள்வி. குத்துவிளக்கைப் பழப்புளி போட்டு மினுக்கிப் பழகிய கை, காசையும் அப்படியே தேய்க்கத் துடிக்கிறது. புளியின் அமிலம் களிம்போடு நிற்பதில்லை. எழுத்து தங்கியிருக்கும் மேற்படையையும் கரைத்துவிடும். கறுத்த காசைச் சாய்ந்த வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினால் இடபத்தின் திமில் நிழலாக எழுந்து வரும். மினுக்கிய காசில் செம்பின் நிறம் மட்டும் மிஞ்சும். களிம்பெல்லாம் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இறுகிய கரும்பச்சை காசைக் காக்கும். வெளிர்பச்சைத் தூளாக உதிர்வது உப்பின் குளோரைட்டும் ஈரமும் சேர்ந்து உள்ளிருந்து தின்னும் நோய். கடலும் கடனீரேரியும் சூழ்ந்த குடாநாட்டில் அந்த இரண்டுக்கும் பஞ்சமில்லை. அப்படிப்பட்ட காசைத் தனியே பிரித்து, இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, பாதுகாப்புத் தெரிந்தவரிடம் ஒப்படைப்பதே வழி. பீவீசீ உறைகளும் ஆகாது. நாட்பட அவை கக்கும் அமிலம் செம்பைப் பச்சையாக்கும்.

சேகரிப்பவர்கள் இல்லாவிட்டால் இந்தக் காசுகள் எப்போதோ உருக்குச் சட்டிக்குப் போயிருக்கும் என்பார்கள். உண்மைதான், அந்த நன்றியை மறுக்க முடியாது. ஆனால் உருக்கினால் காசு அழிகிறது, இடம் தெரியாமல் விற்றால் அதன் செய்தி அழிகிறது. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் 1815 மார்ச் 2 க்கு முற்பட்டவற்றைத் தொல்பொருளாகக் கொள்கிறது. மண்ணில் கண்டெடுத்ததை அறிவிப்பது கடமை. வீட்டுப் பெட்டகத்தில் பரம்பரையாக இருக்கும் காசுக்கும் ஒரு கடமை உண்டு. யாருடைய வளவில், எந்தக் கிணறு வெட்டும்போது, எந்தப் பானையில் கிடைத்தது என்பது வீட்டு முதியவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் காசு இன்னும் முந்நூறு வருடம் தாங்கும். அவர்களுடைய ஞாபகம் தாங்காது. ஆகவே இன்றைக்கே அவர்களிடம் கேட்டு, ஈரத்தில் கரையாத பென்சிலால் எழுதி, உறையில் போட்டுவிட வேண்டும்.