முந்தானை சொல்லும் காற்று

கைட் போர்டிங் என்று ஒரு விளையாட்டு. காலில் ஒரு பலகை, இடுப்பில் ஒரு வார், அந்த வாரில் மாட்டிய கயிறுகளின் மறு நுனியில் பெரிய பட்டம். பட்டத்தைக் காற்று இழுக்க, ஆள் தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு போகவேண்டியது! நம் வீட்டுப் பிள்ளைகள் விடும் காகிதப் பட்டம் மாதிரி நினைத்துவிடாதீர்கள். விரித்துப் போட்டால் எங்கள் கூடத்தில் அடங்காது. கயிறே 20 மீட்டருக்குமேல் இருக்கிறது.

எங்கள் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் இதைக் கற்றுக்கொடுக்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் என் பெண்ணுக்கு அதில் சேர ஆசை. "உங்க அம்மா சரின்னா சரி" என்று என்னவர் சுலபமாகக் கழன்றுகொண்டார். மாமியாரோ, "பொம்பளப் புள்ளைக்குக் கடல்ல என்ன விளையாட்டு?" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தீவில் பிறந்தவர். 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அவருக்கு எட்டு வயது. கடலைக் கண்டால் இன்றும் கும்பிட்டுவிட்டுத்தான் பேசுவார்.

நான் பரமக்குடிக்காரி. வைகை மணலைத் தவிர வேறு கரை அறியாதவள். 'சரி' என்று சொல்லி ஏதாவது ஆகிவிட்டால்? 'வேண்டாம்' என்றால், எதற்காக வேண்டாம் என்று கேட்பாளே, என்ன பதில் சொல்ல? கரையைப் பார்த்துவிட்டே பதில் சொல்வது என்று தீர்மானித்தேன். பாம்பனில் நாற்பது வருஷம் கடலுக்குப் போன என் சின்ன மாமனாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன்.

ஆனி மாதம் அது. என் பெண்ணின் சிநேகிதிகள் பழகலாம் என்று சொன்ன இடம் தீவின் வடகரையில் இருந்தது. அலையே இல்லை. தண்ணீர் தாம்பாளம் மாதிரி கிடந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. மாமா மட்டும் தலையை ஆட்டினார்.

"தண்ணி அமைதியா இருக்குன்னு நம்பாத தாயி. உன் முந்தானை எந்தப் பக்கம் பறக்குது, பாரு" என்றார்.

கடலைப் பார்த்து நின்றேன். முந்தானை எனக்கு முன்னால், கடலை நோக்கிப் பறந்தது.

"காத்து கரையிலேருந்து கடலுக்குப் போகுது. அதான் கரையோரம் அலை இல்ல. இதுல புள்ள விழுந்தா கரைக்கு வராது, உள்ளே போய்க்கிட்டேதான் இருக்கும்."

எனக்கு உடம்பு சில்லிட்டது. அமைதியான தண்ணீர்தான் பத்திரம் என்று நாமெல்லாம் நினைக்கிறோம், இல்லையா? அன்று வீட்டுக்கு வந்து "அந்தக் கரை வேண்டாம்" என்றேன். என் பெண் இரவு சாப்பிடவில்லை. ஆனால் காரணத்தைச் சொன்னபோது காது கொடுத்துக் கேட்டாள்.

மறு வாரம் தென்பக்கம் பார்த்த ஒரு கரைக்குப் போனோம். அங்கே முந்தானை பக்கவாட்டில், கொஞ்சம் கரைப் பக்கமாகச் சாய்ந்து பறந்தது. புதிதாகக் கற்பவர்களுக்கு இந்தக் காற்றுதான் நல்லதாம். பலகை தவறினாலும் ஆள் கரையில் வந்து ஒதுங்கலாம். நேரே கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்றும் ஆகாது. கிளம்புவதற்குள் மணலில் கொண்டுவந்து போட்டுவிடும். வாடைக் காலத்தில் வடகிழக்கிலிருந்து காற்று வரும்போது இந்தக் கணக்கெல்லாம் மாறிப்போகும். ஆனியில் ஆகாத கரை தையில் நல்ல கரையாகலாம். ஆகவே 'நல்ல இடம்' என்று ஒன்று நிரந்தரமாகக் கிடையாது; அன்றைய காற்றுக்கு நல்ல இடம் என்றுதான் உண்டு.

கற்றுக்கொடுக்கிறவரிடம் நான் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டேன். சலிக்காமல் பதில் சொன்னார். ஆழ்கடலைவிடக் கரையில் பட்டத்தை ஏற்றும், இறக்கும் நேரத்தில்தான் கவனம் அதிகம் வேண்டுமாம். அவர் சொன்னதில் என் மனதில் பதிந்தவை இவை:

காற்று போகும் திசையில், கயிற்றின் நீளத்தைப் போல் இரண்டு மடங்காவது வெட்டவெளி வேண்டும். இதற்குமேல் எவ்வளவு இருந்தாலும் நல்லதே. மின்கம்பி, பனை, சவுக்கு, பாறை, நிறுத்திய படகு, வேலி எதுவும் அங்கே இருக்கக்கூடாது. காற்று வரும் பக்கத்தில் கட்டடமோ தோப்போ இருந்தால் காற்று விட்டுவிட்டு, முரண்டு பிடித்து வீசும்.

தண்ணீர் இடுப்பளவே இருக்கவேண்டும். அடியில் மணலாக இருக்கவேண்டும். நீர் வற்றிய நேரத்தில் ஒருமுறை போய்ப் பார்த்தால் பவளப்பாறையும் வலைக்கம்பும் கண்ணில் படும். மீனவர்கள் வலை போடும் இடத்திலும், குளிக்கிறவர்கள் கூடும் இடத்திலும் பட்டம் ஏற்றக்கூடாது.

காற்று மணிக்கு 22 முதல் 33 கிலோமீட்டர்வரை ஒரே சீராக வீசினால் கற்பவர்களுக்குப் போதும். கருமேகம் திரண்டால், காற்று திடீரென்று ஓய்ந்தாலும் சரி, கூடினாலும் சரி, உடனே பட்டத்தை இறக்கிவிட வேண்டும்.

தலைக்கவசம், மிதவைச் சட்டை, மீட்க ஒரு படகு, பட்டத்தின் இழுப்பை ஒரே பிடியில் அணைக்கும் விசை, இவ்வளவும் இருக்கிறதா என்று நானே கண்ணால் பார்த்தேன். அந்த விசையை என் பெண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை இழுத்துக் காட்டச் சொன்னேன். "அம்மா, மானம் போகுது!" என்றாள். போகட்டும்!

பிறகுதான் சேர்த்தோம். முதல் இரண்டு நாளும் மணலில் நின்று சின்னப் பட்டத்தோடு பழக்கம். அப்புறம் பலகை இல்லாமல் தண்ணீரில் இழுபட்டுப் பார்ப்பது. அடுத்த நாள் பலகைமேல் எழுந்து நின்றாள். பத்து விநாடி இருக்கும், தொப்பென்று விழுந்தாள். எழுந்தபோது தண்ணீர் அவள் இடுப்புக்குக்கூட வரவில்லை. எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

சகோதரிகளே, நீச்சலோ, மலையேற்றமோ, கடலோ, பிள்ளைகள் ஏதேனும் கேட்டால் உடனே 'வேண்டாம்' என்று சொல்லாதீர்கள். உடனே 'சரி' என்றும் சொல்லிவிடாதீர்கள். ஒரு நடை போய் இடத்தைப் பாருங்கள். அந்த இடத்தை அறிந்த பெரியவர் ஒருவரைக் கேளுங்கள். காரணத்தோடு சொன்ன மறுப்பைப் பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

இப்போதெல்லாம் என் பெண் கிளம்பும்போது என் மாமியார் தடுப்பதில்லை. வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்கிறார்: "இன்னைக்குக் காத்து எந்தப் பக்கம்டி?"