கூரைமேல் ஏறும் முன்



புதிய கல்வியாண்டு நெருங்கும்போதெல்லாம் நம் தமிழ்ப்பள்ளிகளில் கோத்தோங் ரோயோங் நடைபெறுவது வழக்கம். பேராக்கில் 130-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல, தோட்டப்புறத்தில் லயத்து வீடுகளுக்கு அருகே தோன்றியவை. தோட்டம் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, மக்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் குடிபெயர்ந்த பின்னும் பள்ளி மட்டும் அதே இடத்தில் நிற்பதுண்டு. பகுதி உதவி பெறும் பள்ளியென்றால் பராமரிப்புச் சுமையில் பெரும்பங்கு வாரியத்தின் மீதும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் மீதுமே விழும். கால்வாய் கழுவுவது, நாற்காலிக்குச் சாயம் பூசுவது ஆகியவற்றோடு கூரையைத் துப்புரவு செய்வதும் பெற்றோர் கைக்கு வந்துவிடுகிறது. "ஏணி எங்கே டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே யாரேனும் ஒரு தந்தையார் காலணியைக் கழற்றிவிடுவார். அவர் ஏறுவதற்கு முன் நாம் என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பற்றியே இன்று எழுத விழைகிறேன்.

கூரையைத் துப்புரவு செய்யாமலும் இருக்க இயலாது. கிந்தா பள்ளத்தாக்கில் பிற்பகல் மழைக்குக் குறைவில்லை. ஈரம் காயாத இடங்களில் பாசி படர்கிறது. பக்கத்தில் இன்னும் பால்மரங்கள் நிற்குமானால், ஆண்டின் தொடக்க மாதங்களில் இலைகள் உதிர்ந்து மழைநீர்ப் பீலியை அடைத்துக்கொள்ளும். பின்னர் காய் வெடித்து விதைகள் தகரத்தின்மேல் விழும் ஓசையைத் தோட்டத்தில் வளர்ந்த எவரும் மறந்திருக்க மாட்டார். அடைபட்ட பீலியில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஏறக்குறைய 7 முதல் 10 நாள்களே போதும். டிங்கிக் காய்ச்சலைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்திவிட்டு நம் தலைக்குமேல் கொசுவை வளர்ப்பது எவ்வகையில் முறையாகும்?

ஆயினும், கூரையிலிருந்து வழுக்கி விழுவதைப் பற்றியே எல்லாரும் அஞ்சுகின்றனர். பழைய கட்டடங்களில் அதனினும் கொடியது, கூரையை உடைத்துக்கொண்டு உள்ளே விழுவதுதான். சாம்பல் நிறத்தில் அலையலையாக இருக்கும் பழைய சிமெண்டுத் தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். பார்வைக்குக் கல் போலத் தோன்றும். வெயிலிலும் மழையிலும் பல பத்தாண்டுகள் கிடந்த அத்தகடு ஓர் ஆளின் எடையைத் தாங்கும் என்று நம்புவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. "ஆணி வரிசையைப் பார்த்து மிதித்தால் ஒன்றும் ஆகாது" என்று பெரியவர்கள் சொல்வர். கீழே சட்டம் இருப்பது உண்மையே. ஆனால் பாசி படிந்த தகட்டில், கையில் வாளியோடு, அந்த ஒற்றைக் கோட்டின்மேல் கால் பிசகாமல் நடப்பது யாரால் இயலும்? ஒரு பால்விதை காலடியில் உருண்டாலே போதும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையின் கூரையில் இவ்வாறு ஏறிய ஒரு தந்தையார் விழுந்தார். சிமெண்டுத் தகட்டைக்கூட அவர் மிதிக்கவில்லை. வெளிச்சத்திற்காக இடையிடையே பொருத்தியிருந்த பிளாஸ்டிக் தகட்டை மிதித்துவிட்டார். தூசியும் பாசியும் மூடி அதுவும் மற்றவை போலவே சாம்பல் நிறமாகி இருந்தது. வெயிலில் நொய்ந்துபோன தகடு ஓசையின்றி உடைந்தது. இடுப்பெலும்பு முறிந்து, ஓராண்டுக்கும் மேலாக அவரால் லாரி ஓட்ட இயலவில்லை. வீட்டில் மூன்று பிள்ளைகள். அன்று மாலைக்குள் கூரை தூய்மையாகிவிட்டது என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

அந்தச் சிமெண்டுத் தகட்டில் இன்னொரு தீங்கும் உண்டு. பழைய தகடுகளில் கல்நார், அதாவது அஸ்பெஸ்டாஸ், கலந்திருக்கலாம். கல்நாரின் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகக் கூறுகிறது. நோய் வெளிப்பட 20, 30 ஆண்டுகள்கூட ஆகலாம். ஒரு தகட்டில் கல்நார் உள்ளதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது. ஆய்வுக்கூடத்தில்தான் சோதிக்க வேண்டும். ஆகவே பழைய சாம்பல் நிறத் தகட்டைக் கம்பித் துடைப்பத்தால் தேய்ப்பதும், உயர் அழுத்த நீர்ப்பீய்ச்சியால் அடிப்பதும் அறவே கூடாது. தூளாகும் நார்கள் பிள்ளைகளின் வகுப்பறைக்குள் இறங்கும். அத்தகைய கூரையைத் தகுதி பெற்ற குத்தகையாளரிடம் ஒப்படைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மற்றக் கூரைகளுக்கு என்ன செய்யலாம்? முதற்கேள்வி, ஏறத்தான் வேண்டுமா என்பதே. நீண்ட கழியில் பொருத்திய துடைப்பம், வளைந்த முனையுடைய நீர்க்குழாய் ஆகியவற்றைக் கொண்டு தாழ்வான பீலிகளைத் தரையிலிருந்தே துப்புரவு செய்யலாம். பீலி அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கக் கழியின் நுனியில் கைப்பேசியைக் கட்டிப் படம் எடுத்தாலே தெரிந்துவிடும். பள்ளி வேன் ஓட்டுநர்களும், அண்மையில் சிலர் வாங்கிவரும் மோட்டார் ஹோம் வைத்திருப்போரும் வண்டியின் கூரையில் ஏறி நின்று கழுவுகின்றனர். சோப்பு நீர் பட்ட வழவழப்பான கூரையில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. மோட்டார் ஹோமில் பிளாஸ்டிக்கால் ஆன காற்றுப்போக்கி மூடிகளும் இருக்கும், மிதித்தால் உடையும். வண்டிக்குப் பக்கத்தில் அகலமான மேடையைப் போட்டு, நீளக் கழியால் தேய்ப்பதே நல்லது.

ஏணியைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் நான்குக்கு ஒன்று என்ற கணக்கை நினைவில் கொள்ளுங்கள். ஏணி சுவரைத் தொடும் இடம் 12 அடி உயரமென்றால், அதன் அடி சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள விகிதக் கணக்கு கிடைக்காது! ஏணியைப் பிளாஸ்டிக் பீலியின் மீது சாய்க்காதீர்கள், சுவரில் சாயுங்கள். கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும், பேச்சு வாக்கில் கையை எடுத்துவிடாதவராகப் பார்த்து. கட்டடத்திற்கு மின்கம்பி வரும் பக்கத்தில் அலுமினிய ஏணியை நிமிர்த்தவே கூடாது. இடி கேட்டால் உடனே இறங்கி, கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடம் காத்திருங்கள். பிற்பகல் மழை மிகுந்த நம் ஊரில் இப்பணியைக் காலையிலேயே முடித்துவிடுவது நலம். ஆனால் பனி ஈரம் காய்ந்திருக்க வேண்டும்.

இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வது பாதுகாப்பு ஆகாது. விழும்போது அக்கயிறு வயிற்றையும் முதுகெலும்பையும் நொறுக்கிவிடும். உடல் முழுவதையும் தாங்கும் பாதுகாப்பு வாரும், அதை மாட்ட உறுதியான பிடிமானமும், பயன்படுத்தப் பயிற்சியும் வேண்டும். இம்மூன்றும் இல்லாதவர் ஏறக் கூடாது. ஒருவேளை யாரேனும் விழுந்துவிட்டால், தூக்கி மகிழுந்தில் கிடத்தாமல், அசைக்காமல் 999-ஐ அழையுங்கள்.

1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் வீட்டுப் பணி போன்ற சில விலக்குகளைத் தவிர ஏறத்தாழ எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. பணியாளர் அல்லாதோரின் பாதுகாப்பையும் முதலாளி பேண வேண்டும் என்பது அச்சட்டத்தில் முன்பிருந்தே உள்ள கடமை. "அவராகவே ஏறினார்" என்ற விடை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை வாரியத்தினர் சிந்திக்கட்டும்.

இவ்வாண்டு எங்கள் சங்கக் கூட்டத்தில் இதையெல்லாம் எடுத்துரைத்தபோது, "ரெண்டு மணி நேர வேலைக்குக் குத்தகையாளரா டீச்சர்? நாங்க தோட்டத்துல ஏறாத கூரையா?" என்று ஓர் ஐயா கேட்டார். அவர் சொன்னது உண்மைதான். அவருக்கு மறுமொழியாக, ஏறப்போகும் தகட்டின் வயதை மட்டும் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. உணவுச் சந்தை ஒன்று நடத்திப் பணம் திரட்டுவதென்று முடிவாயிற்று. தோசைக் கடைக்கு அந்த ஐயாவே பொறுப்பேற்றுக்கொண்டார்.